வன்னிக் கொட்டிலில் கிடக்கும் மொறிஸ் மைனர் ரூறர்: உரிமை வரலாற்றைத் தேடி, காரைத் திருத்தும் முழு வழிகாட்டி

பழைய கார் ஒன்றை வாங்கியவர் மறுநாள் செய்யும் முதல் வேலை கழுவுவது. அடுத்த வேலை அரத்தாள் போடுவது. இரண்டும் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்து, "அண்ணை, இது முதலில் யாருடைய கார் என்று கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்பார்கள். அதற்குள் பாதிச் சாட்சி வாய்க்காலோடு போயிருக்கும்.

கீழே உள்ள ஒழுங்கு, மூன்று மைனர்களிலும் ஓர் ஒஸ்ரின் ஏ40 காரிலும் வேலை செய்து, அவற்றில் ஒன்றைப் பாதி கெடுத்த பிறகு எனக்குப் படிந்தது. கூரை மடிக்கும் மைனரை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். 1951 வரை அதை ரூறர் என்றுதான் விற்றார்கள்; பிறகு கன்வேட்டிபிள் என்று பெயர் மாறியது. நம் ஊரில் இரண்டுமே ரூறர்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள இடம் வேண்டும். மண் தரையில் ஜக் ஒரு பக்கமாக அமிழும்; காரின் மட்டத்தை நம்பி எதையும் அளக்க முடியாது.

தடித்த கொப்பி ஒன்று, பென்சில், கைத்தொலைபேசி, ரோச், சிறிய முகக்கண்ணாடி, மென்மையான தூரிகை, 600ஆம் இலக்க அரத்தாள், நிறையச் சிறிய பொலித்தீன் பைகள். பேனை இப்போதைக்கு வேண்டாம்; இந்த வேலையில் எழுதியதை அடிக்கடி அழிக்க நேரும்.

ஸ்பானர்கள் அங்குல அளவில் இருக்க வேண்டும். 803 சீ.சீ. என்ஜினோடு வந்த மைனரில் 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றும் பெரும்பாலான நட்டுகளுக்குப் போதும். மில்லிமீற்றர் ஸ்பானரைப் பொருத்தித் திருகினால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும், பிறகு உளிதான்.

2. காரை இழுக்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

பற்றைக்குள் நிற்கும் காரிடம் உழவு இயந்திரமும் சங்கிலியுமாகப் போகாதீர்கள். அந்தக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது மட்டும் போதிய சான்றாகாது. பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

டிக்கிக்குள் கை விடும் முன் ரோச் அடித்துப் பாருங்கள். அடையாளம் தெரியாத உலோகப் பொருள் கிடந்தால் தொடாமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள். சீற்றின் அடி புடையன் பாம்புக்கு மிகவும் பிடித்த இடம்.

இறுகிய பிறேக்கோடு இழுத்தால் சில்லு உருளாது, கார் முறுகும். கூரையில்லாத காருக்கு இது இன்னும் ஆபத்து. ரயர்களுக்குக் காற்று நிரப்பி, பின் பிறேக்கைத் தளர்த்தி, பெட்டி லொறியில் தள்ளி ஏற்றுங்கள். பம்பரில் சங்கிலி கட்டினால் பம்பர் மட்டும்தான் உங்களோடு வரும்.

3. கழுவாமல் வாசியுங்கள்

கார் கொட்டிலுக்கு வந்ததும் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். முன்கண்ணாடியின் மூலையில் வருமான அனுமதிப்பத்திரத்தின் துண்டு ஒட்டியிருக்கலாம். ஆண்டும் மாகாணமும் அதில் இருக்கும். கதவின் உட்பலகையில் சோக்கட்டியால் எழுதிய எண், கராஜின் பெயர்ச்சீட்டு, கண்ணாடி மேல் மங்கிப்போன திருநீற்றுக் கோடு, எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஈரத்துணி பட்டால் சோக்கட்டி எழுத்து போய்விடும்.

சீற்றைத் தூக்குங்கள். கதவின் உட்பலகையைக் கழற்றுங்கள். யன்னல் கண்ணாடி கடகடக்காமல் இருக்க யாரோ மடித்துச் செருகிய பத்திரிகைத் தாள் ஒன்று ஒரு மைனரில் எனக்குக் கிடைத்தது. ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. திகதி இருந்த மூலை தப்பியிருந்தது. அந்தக் கதவை யாரோ கழற்றிப் பூட்டியது அந்தத் திகதிக்குப் பிறகு என்பது அதோடு உறுதியாயிற்று. பதிவுப் புத்தகத்தில் பதினொரு ஆண்டுகளுக்கு எதுவுமே இல்லாத காலம் அது.

பெயின்றை வாசிக்கவும் ஒரு முறை உண்டு. டிக்கி மூடியின் உட்புறத்திலோ டாஷ்போர்டின் பின்புறத்திலோ ஐந்து ரூபாய்க் குற்றி அளவு இடத்தை நனைத்து, 600 அரத்தாளால் வட்டமாகத் தேய்க்கவும். நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் தேய்த்தால், மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்கள் போல ஒவ்வொரு பூச்சும் தெரியும். வெளியிலிருந்து உள்ளே எண்ணுங்கள்: வெள்ளை, கறுப்பு, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), மறுபடி கறுப்பு, பச்சை. அந்தப் பச்சைதான் தொழிற்சாலை நிறமாக இருக்கக்கூடியது.

4. இலக்கங்களைப் பென்சிலால் தேய்த்து எடுங்கள்

பொனற்றைத் திறந்தால் பின்சுவரில் ஒரு சிறிய தகடு ஆணியடித்திருக்கும். கார் இலக்கம் அதில். என்ஜின் இலக்கம் என்ஜின் உடலிலேயே இருக்கும். தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். படம் எடுத்தால் மட்டும் போதாது. 3ஐயும் 8ஐயும் கறள் ஒன்றாக்கிவிடும், தேய்த்த படியில் பிரித்தறியலாம்.

1952இலிருந்து சில ஆண்டுகளுக்கு இலக்கத்தின் முன்னால் எழுத்துக் குறியீடு வந்தது. முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாவது உடல் வகை. சி என்றால் கூரை மடிக்கும் கார். மூன்றாவது நிறம், ஏ கறுப்பு, ஈ பச்சை. பெயின்றில் பச்சையைக் கண்டவர் இங்கேயும் ஈயைக் கண்டால் இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகின்றன.

இலக்கத்தகட்டையும் பாருங்கள். இ.என்., இ.எல்., சி.என். போன்ற ஆங்கில எழுத்தோடு இருந்தால் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன் பதிவானது. ஸ்ரீ இருந்தால் 1950களின் பிற்பகுதியிலோ அதன் பிறகோ. கார் 1953இல் செய்யப்பட்டு இலக்கம் ஸ்ரீயில் இருந்தால், இடையில் எங்கே இருந்தது என்ற கேள்வியைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகம், தொழிற்சாலைப் பேரேடு தப்பியிருக்கும் கார்களுக்குக் கட்டணத்தின் பேரில் சான்றிதழ் தருகிறது. செய்து முடித்த நாள், நிறம், அனுப்பிய இடம் போன்றவை அதில் வரும். பணம் அனுப்பும் முன், உங்கள் இலக்கத்துக்குரிய பேரேடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

5. ரூறரா, கூரையை வெட்டிய காரா?

கலியாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் என்று இரண்டு கதவு மைனரின் கூரையை அரிந்தவர்கள் உண்டு. அதை ரூறர் விலைக்கு வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு.

கூரை போனால் காரின் வலு முழுவதும் தரையில்தான். அதனால் உண்மையான ரூறரில் கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிச் சட்டத்திலும் டாஷ்போர்டின் அடியிலும் கூடுதல் வலுத்தகடுகள் இருக்கும். முகக்கண்ணாடியை அடியில் பிடித்து ரோச் அடித்தால் தெரியும். அவை இல்லாமல், முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் வாள் பட்ட தடம் இருந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள். பதிவுப் புத்தகத்தில் உடல் வகை என்னவென்றும் பாருங்கள். புத்தகம் ஒன்றும் கார் வேறொன்றும் சொன்னால் பின்னால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

6. பதிவுப் புத்தகமும் வெற்றுப் படிவமும்

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இப்போது யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை, விற்பவர் சொல்வதை வைத்தல்ல, பதிவு விபரத்தை எடுத்துப் பார்த்து அறியுங்கள். காசு கைமாறும் முன் இது நடக்க வேண்டும்.

உரிமை மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களில் விற்றவர் கையொப்பம் மட்டும் போட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுக்கும் வழக்கம் நாடு முழுக்க உண்டு. அந்தத் தாளோடு கார் நான்கு கை மாறும்; திணைக்களத்தில் முதல் பெயரே இருக்கும். வரலாறு தேடுபவருக்கு அந்த நான்கு பேரும் இல்லாதவர்கள். வாங்குபவருக்கு இன்னும் மோசம்: கையொப்பமிட்டவர் உயிரோடு இல்லையென்றால் தாளுக்குப் பெறுமதி இல்லை.

பதிவு உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசுரிமை பற்றிய நீதிமன்ற ஆவணமும் கேட்கப்படும். காணாமற்போனவராக இருந்தால், 2016இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி குடும்பத்தினர் அதற்குரிய சான்றிதழ் பெறலாம். அதைப் பெறுவதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய விடயம். ஒரு காருக்காக அதைப் பெறச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். காரை விட்டுவிடுங்கள், வேறு மைனர் கிடைக்கும்.

புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு, சத்தியக்கடதாசி என்ற வழியில் பிரதி எடுக்கலாம். அதைச் செய்ய வேண்டியவர் பதிவு உரிமையாளர். நீங்கள் செய்துவிடலாம் என்று சொல்லும் தரகரிடம் காசு கொடுக்காதீர்கள்.

7. ஆண்டைக் கேட்காதீர்கள், இடப்பெயர்வைக் கேளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. "எந்த ஆண்டு காரை விற்றீர்கள்?" என்று கேட்டால், மரியாதைக்காகவாவது ஓர் ஆண்டைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் பிழை.

ஒட்டுசுட்டானில் ஓர் அம்மாவிடம் அப்படித்தான் கேட்டேன். "ஆண்டெல்லாம் நினைவில்லை, தம்பி. மல்லாவியில் கொட்டில் போட்டிருந்தபோது கார் நின்றது. திரும்பி வரும்போது இல்லை" என்றார். அது போதும். 1996இல் கிளிநொச்சியிலிருந்து கிளம்பிய சனம் மல்லாவி, துணுக்காய், அக்கராயன் பக்கம் போனது. 1998 செப்ரெம்பரில் இராணுவம் கிளிநொச்சி நகரை விட்டுப் போன பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. அந்த இடைவெளிக்குள் கார் கைமாறியிருக்கிறது.

கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கால அட்டவணை எழுதி வையுங்கள்: 1990இல் யாழ்ப்பாணப் பாதையான ஏ9 மூடல், 1995 ஒக்ரோபர் 30 வலிகாம இடப்பெயர்வு, 1996 கிளிநொச்சி, 2002இல் ஏ9 திறப்பு, 2004 டிசம்பர் 26 கடல் வந்த காலை, 2006 ஓகஸ்ட் 11 மறுபடி மூடல், 2009. யார் எதைச் சொன்னாலும் இவற்றில் ஒன்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் பதில் தயங்காமல் வரும்.

இதே அட்டவணை கதைகளைச் சோதிக்கவும் உதவும். "அப்பா 1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவால் ஓட்டி வந்தார்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். 1993இல் ஆனையிறவு இராணுவ முகாம். அந்த வழியாகச் சனம் காரில் வரவே முடியாது. தரைவழியே வந்திருந்தால் 1990க்கு முன்பு, அல்லது பாதை திறந்திருந்த 2002க்கும் 2006க்கும் இடையில். அவர் பொய் சொல்லவில்லை; அப்பாவின் இரண்டு பயணங்களை ஒன்றாக்கிவிட்டார். எதிர்த்துப் பேசாமல், "அப்போது முகமாலைச் சோதனைச்சாவடியில் இறக்கிச் சோதித்தார்களா?" என்று கேட்டேன். சோதித்தார்களாம். அப்படியென்றால் பாதை திறந்த பிறகுதான்.

கடல் வந்த நாளில் கார் எங்கே நின்றது என்பதை முல்லைத்தீவுப் பக்கத்தாரிடம் தவறாமல் கேளுங்கள். உப்பு நீர் ஏறிய காரில் சட்டம் உள்ளிருந்து வெளியே கறள் பிடிக்கும். மேலே பெயின்ற் பளபளத்தாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. விசாரித்து அறிந்த ஒரு வரி, வெல்டிங் செலவைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆக்கும்.

கொப்பியும் கையுமாக வாசலில் நின்றால் விசாரணைக்கு வந்தவர் என்று நினைப்பார்கள். காரின் படத்தைக் காட்டுங்கள், தேநீர் குடியுங்கள், வீடு திரும்பிய பிறகு எழுதுங்கள்.

8. மூன்று நிரலில் எழுதுங்கள்

தாள் சொன்னது, கார் சொன்னது, வாய் சொன்னது என்று மூன்று நிரல். இரண்டு நிரல்கள் ஒத்துப்போனால் மட்டும் பேனையால் எழுதலாம். சான்று இல்லாத ஆண்டுகளை வெறுமையாக விடுங்கள். "அனேகமாக" என்று தொடங்கும் வரி அடுத்த உரிமையாளரின் கையில் உண்மையாகிவிடும். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் பிறருக்குக் காட்டுங்கள்.

9. உடல்: வெட்டும் முன் கட்டுங்கள்

நான் கெடுத்த கார் இந்தப் படியில்தான் கெட்டது. மைனருக்குத் தனிச் சேசி கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழ் உள்ள பெட்டிச் சட்டம் உக்கியிருந்ததால் வெட்டி எடுத்தேன். காலையில் வந்து பார்த்தபோது கார் நடு முறிந்த கட்டில் போலத் தொய்ந்து நின்றது. கதவு அதற்குப் பிறகு மூடவே இல்லை.

முதலில் காரை நான்கு இடத்தில் தாங்கி மட்டம் பாருங்கள். இரண்டு கதவு வாய்களிலும் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே இரும்புக் குழாயைக் குறுக்காக வெல்டிங் செய்யுங்கள். கதவு இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, முடித்து, அதன் பின் மறுபக்கம். எரிபொருள் தாங்கி டிக்கியின் அடியில் இருக்கிறது. பொறி பறக்கும் முன் அதைக் கழற்றி வெளியே வையுங்கள்.

தரையில் ஒட்டுப் போட்ட தகடுகளை எறியாதீர்கள். ஒன்றில் பிஸ்கட் தகரத்தின் பூப்படம் உட்பக்கமாக இருந்தது; இன்னொன்று எண்ணெய்ப் பரல். ஷெல் துண்டு பட்ட ஓட்டை இருந்தால் படம் எடுத்து, தகட்டை வெட்டி எடுத்தாலும் துண்டைப் பையில் போட்டு வையுங்கள். பின் மட்கார்டில் இருந்த ஓட்டையை மூடாமல் விடச் சொன்ன உரிமையாளரும் உண்டு. அது அவர் முடிவு. நான் அதன் விளிம்புக்குக் கறள் பிடிக்காத பூச்சு மட்டும் அடித்தேன்.

தகடுகளுக்கு முதலில் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேளுங்கள். இங்கே மைனர்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டிருந்த 1990களில், இதே தீவின் தெற்கில் காலிப் பக்கம் ஒரு தொழிற்சாலை மைனருக்குப் புதுத் தகடு அடித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தது. அதை முதலில் கேட்டபோது சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

10. நிறுத்தவும் திருப்பவும் முடிந்த பிறகே என்ஜின்

எல்லோரும் முதலில் என்ஜினைத்தான் கிளப்பிப் பார்ப்பார்கள். கிளம்பினால் ஓட்டிப் பார்க்கக் கை துடிக்கும். பிறேக் இல்லாத கார் மதிலில்தான் நிற்கும்.

மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மழைச் சேறு முழுவதும் அதற்குத்தான். ஒரே சுற்றுத்தான்; ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லிலும் பிறேக் போய்விடும். அதனால் றப்பர், குழாய் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள், ஒன்றையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முன் சில்லைத் தாங்கும் மரையிட்ட துண்டுக்கு றனியன் என்று பெயர். கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் மரை கழன்று சில்லு உள்பக்கமாக மடிந்துவிடும். கிரவல் தூசி அதற்கு அரம் போல. ஜக்கில் ஏற்றிச் சில்லை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள்.

11. மண்ணெண்ணெய் குடித்த என்ஜின்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஓடிய கார்கள், சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டவை. உங்கள் கார் அப்படி ஓடியதா என்பது உரிமை வரலாற்றிலும் ஒரு வரி, திருத்த வேலையிலும் ஒரு வரி.

அடையாளங்கள் இவை. எக்சோஸ்ற் குழாயைச் சுற்றிச் செம்புக் குழாய் ஓடியிருக்கும். மண்ணெண்ணெய் சூடானால்தான் ஆவியாகும். பொனற்றுக்குள் இரண்டாவது சிறு தாங்கி பூட்டிய துளைகள் இருக்கும். சிலிண்டர் தலையின் கீழ் ஒன்றுக்கு இரண்டாக காஸ்கட் இருக்கலாம். அமுக்கம் குறைந்தால் தட்டும் சத்தம் குறையும் என்பதற்காக. அந்த இரண்டாவது காஸ்கட்டைக் கண்டு "பைத்தியக்கார வேலை" என்று சிரித்தவனிடம் நான் விளக்க வேண்டியிருந்தது.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீர் போல இளக்கும். 803 சீ.சீ. என்ஜினின் பெரிங்குகள் முன்பே அவ்வளவு பலமானவை அல்ல. ஆகவே கிளப்புவதற்கு முன் அடிப்பெட்டியைக் கழற்றிப் பெரிங்கைப் பாருங்கள்.

ஒழுங்கு இப்படி. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பற்றரியைத் தொடாதீர்கள். கைப்பிடியால் மெல்லச் சுற்றுங்கள். இறுகினால் பின்னோக்கி அசைத்து மறுபடி முன்னோக்கி. ஸ்ராட்டரால் அடித்தால் ஒட்டிய றிங் உடைந்து சிலிண்டரைக் கீறும். சுற்றத் தொடங்கியதும் ஒயிலை மாற்றி, நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். பிறகு பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்றின் இடைவெளி 0.015, எரியும் ஒழுங்கு 1-3-4-2.

இலங்கையில் 2002இலிருந்து ஈயமற்ற பெற்றோல்தான். தலையைக் கழற்றும்போதே எக்சோஸ்ற் வால்வின் இருக்கைகளைக் கடினமானவையாக மாற்றிவிட்டால் இன்னொரு முறை கழற்ற வேண்டியதில்லை.

12. மின்சாரம்

இந்தக் கார்களில் உடலோடு சேர்வது பற்றரியின் நேர்முனை. பழக்கதோஷத்தில் எதிர்முனையை உடலில் பூட்டினால் டைனமோ குழம்பும். எலி கடித்த வயரை ஒட்டுப்போடாமல் முழுக்கட்டையும் மாற்றுங்கள்.

13. பெயின்றும் கூரையும்

மாரியில் அடித்தால் ஈரப்பதத்தில் பெயின்ற் பால் படிந்தது போல வெளிறும். வைகாசியிலிருந்து சோளகக் காற்று தூக்கும் செம்மண் தூசி ஈரப் பெயின்றில் ஒட்டும். மாசியும் பங்குனியும்தான் நல்ல நேரம்; மற்ற வேலைகளை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். நிறம் மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். டிக்கி மூடியின் உட்புறத்தில் நீங்கள் தேய்த்த வளையத்தின் மேல் பெயின்ற் அடிக்காதீர்கள். வார்னிஷ் மட்டும் பூசுங்கள்.

மடிக்கும் கூரையின் துணியைக் கடைசியில் தைக்கக் கொடுங்கள். கதவும் கண்ணாடியும் சரியாக மூடும் முன் அளவெடுத்தால் துணி எப்போதும் இரண்டு விரல் குறையும்.

14. முதல் ஓட்டம்

உரிமை மாற்றம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் வந்த பிறகு, வெயில் ஏறும் முன் புறப்படுங்கள். கிளிநொச்சியிலிருந்து என்றால் இரணைமடுச் சந்தி வரை போதும். பின்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரட்டும். ஒயில் சொட்டுவதும் பின்விளக்கு அணைவதும் அவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்து என்ஜின் முற்றாக ஆறிய பிறகு சிலிண்டர் தலை நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சில்லு நட்டுகளையும் பாருங்கள். றனியன்களுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்து, திகதியையும் மைலையும் அதே கொப்பியில், "தாள்" நிரலில் எழுதுங்கள்.